உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்பேர் பார்ட்ஸ் பற்றியவை. மழைக்கு முன்னால் எல்லாரும் பரணைக் கிளறியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கிரைண்டர் பதினெட்டு வருடப் பழசு, அடியில் தனி மோட்டார் வைத்தது. பெல்ட் அறுந்துவிட்டது. சர்வீஸ்காரர் 'ஒரிஜினல் கிட்' என்று 1,450 ரூபாய் கேட்கிறார். வெளியே கிடைக்குமா? (மேற்கு மாம்பலம் வாசகி)

பதில்: அறுந்த பெல்ட் இன்னும் கையில் இருக்கிறதா அம்மா? அதை ஈரத்துணியால் துடைத்து வெளிப்பக்கத்தைப் பாருங்கள். ஏ 36, ஏ 40 என்று ஏதாவது மங்கலாகத் தெரியும். 'ஏ' என்றால் மேல் அகலம் 13 மில்லிமீட்டர். பின்னால் வரும் எண் பெல்ட்டின் உள்சுற்றளவு, அங்குலக் கணக்கில். கம்பெனி பெயர் போட்ட கவருக்குள் இருப்பதும் அதே எண் போட்ட பெல்ட்தான். எண் அழிந்திருந்தால் துண்டை அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு பாரிமுனைப் பக்கம் பெல்ட், பேரிங் விற்கும் கடைக்குப் போங்கள். கடைக்காரர் கொக்கியில் தொங்கும் கொத்திலிருந்து ஒன்றை உருவி, உங்களுடையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தருவார். கிட் விலையில் மூன்று நான்கு பெல்ட் வாங்கலாம்.

பேரிங்கும் இப்படித்தான். 608 என்று போட்டிருந்தால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். 6202 என்றால் 15, 35, 11. எந்த ஊரில், எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த அளவு மாறாது. கிரைண்டர் 'கரகர'வென்று கத்தினால் அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு போய்விடுங்கள், ஒரே அலைச்சலாகப் போகட்டும்.

கேள்வி: ஆன்லைனில் 999 ரூபாய்க்கு வாங்கிய டிரில் மெஷினில் சக் பிட்டைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. புது சக் வாங்கிவிட்டேன், பழையதைக் கழற்ற வரவில்லை. (கொரட்டூர் வாசகர்)

பதில்: சக்கின் தாடையை முழுக்கத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னும் பின்னும் சுற்றுகிற மெஷின் என்றால் அடியில் பெரும்பாலும் ஒரு ஸ்குரூ இருக்கும். அது இடது மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். அதை எடுத்த பிறகு சக்கை வழக்கம்போல இடப்பக்கம் திருகுங்கள். நான் இது தெரியாமல் முதல் டிரில்லில் பலம் கொண்ட மட்டும் இடப்பக்கமே திருகி, ஸ்குரூவின் தலையை மொழுக்கையாக்கிவிட்டேன். பட்டறையில் அதைத் துளைத்து எடுக்கக் கொடுத்த கூலி மெஷின் விலையில் பாதி.

வாங்கிவிட்ட புது சக்கின் பக்கவாட்டில் மரை அளவு போட்டிருக்கும். அது அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரையா, அல்லது காலே அரைக்கால் என்கிற 3/8 அங்குலம், 24 மரையா என்று பாருங்கள். பழையதோடு பொருந்தாவிட்டால் மாட்டுவதற்கு முன்பே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மருமகன் போட்டிக்காகக் குறிபார்த்துச் சுடுபவர். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பும் கை பிரஸ் வைத்திருக்கிறார். பழைய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெளியே தள்ளும் ஊசி அடிக்கடி உடைகிறதாம், கூட்டைப் பிடிக்கும் ஹோல்டரும் தேய்ந்துவிட்டதாம். அங்கே இதற்கெல்லாம் விலை அதிகம் என்கிறார். நான் முப்பது வருடம் லேத்தில் நின்றவன். அம்பத்தூரில் நண்பர் பட்டறையில் 50 பீஸ் கடைந்து கூரியரில் அனுப்பலாமா? (பாடி வாசகர்)

பதில்: வேண்டாம் ஐயா. லேத்தில் நின்ற கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் நம் ஊர் 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் 'அம்யூனிஷன்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் தோட்டா மட்டும் இல்லை. தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும் அதற்குள் வருகின்றன. உரிமம் இல்லாமல் அவற்றைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஒற்றை ஊசி இயந்திரம் ஆகுமா என்று வக்கீல் வாதாடலாம். அந்த வாதத்தை உங்கள் நண்பர் பட்டறைச் செலவில் நடத்திப் பார்க்க வேண்டாம்.

அப்புறம், அங்கே விலை அதிகம் என்று மாப்பிள்ளை சொல்வதை நான் நம்பவில்லை. அந்த ஊசி பாக்கெட்டாகவே சில டாலருக்குக் கிடைக்கிற பொருள். ஆர்.சி.பி.எஸ்., டில்லன் மாதிரிக் கம்பெனிகள் ஆயுள் உத்தரவாதத்துக்குப் பேர் போனவை. பிரஸ் அவர்களுடையது என்றால் கடைக்குப் போகும் முன் கம்பெனிக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள், சின்னப் பாகங்கள் காசில்லாமலே தபாலில் வர வாய்ப்புண்டு. ஹோல்டர் பெரும்பாலான பிரஸ்களுக்கு ஒரே வடிவம்தான், வேறு கம்பெனியின் மலிவான ஹோல்டரும் உட்காரும். ஒரு எச்சரிக்கை: பெல்ட், பேரிங் போல எண்ணைப் பார்த்து வாங்க முடியாது. ஹோல்டர் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தோட்டாவின் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

ஊசி திரும்பத் திரும்ப உடைந்தால் ஊசி மேல் பழி போடாதீர்கள். கூட்டுக்குள் விளக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் நடுவே ஒரே துளை இருந்தால் பாக்சர் வகை, ஊசி அதற்குத்தான் செய்தது. ஓரமாக இரண்டு சின்னத் துளை இருந்தால் பெர்டன் வகை. நடுவில் இறங்கும் ஊசி பித்தளையில் முட்டி ஒடியும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய ராணுவக் கூடுகளை வாங்குபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மாப்பிள்ளை கூடு எங்கே வாங்கினார் என்று நைசாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: குக்கர் சேஃப்டி வால்வு பிளாட்பாரத்தில் 15 ரூபாய்க்குக் கிடைக்கிறது. போடலாமா? (கொடுங்கையூர் வாசகி)

பதில்: கூடாது. காசு மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

கேள்வி: மிக்ஸி ஜாருக்கு அடியில் உள்ள கப்ளரின் பல் தேய்ந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் 'கப்ளர் தனியாக வராது சார், ஜார் அசெம்பிளிதான்' என்று 1,350 ரூபாய் சொல்கிறார்கள். நியாயமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: அநியாயம். இந்த 'அசெம்பிளி' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும், கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டையில் பொத்தான் விழுந்தது என்று போனால் புதுச் சட்டை வாங்கு என்கிற தையல்காரரை என்ன சொல்வோம்? கப்ளரை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்வதே, ஜார் இறுகினால் மோட்டார் புகையாமல் கப்ளர் தேய்ந்து போகட்டும் என்பதற்காகத்தான். தேயும் என்று தெரிந்தே வைத்த பொருள். அதைத் தனியாக விற்க மாட்டேன் என்றால் ஒவ்வொரு தேய்மானத்துக்கும் ஒரு ஜார் விற்கலாம் என்பது கணக்கு. இப்படித்தான் கைப்பிடி போனால் மூடியோடு, சுவிட்ச் போனால் பாடியோடு, வயர் போனால் சார்ஜரோடு.

நானும் இதில் ஏமாந்தவன்தான். 2016 ஆடித் தள்ளுபடியில் தி.நகரில் ஒரு மிக்ஸி வாங்கினேன். கேள்விப்படாத கம்பெனி, மூன்று ஜார், பாதி விலை. அதன் கப்ளருக்கு மூன்று பல், முக்கோண வடிவம். இரண்டு வருடத்தில் தேய்ந்தது. ஜாரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஏழெட்டுக் கடை ஏறினேன். ஒவ்வொருவரும் ஜாரைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், கட்டை விரலால் அந்த முக்கோணத்தை ஒரு தடவு தடவினார்கள், ஒன்றும் சொல்லாமல் பையிலேயே திருப்பி வைத்தார்கள். மோட்டார் இன்னும் நன்றாக ஓடும். பரணில் இருக்கிறது. பெரிய ஜாரில் வீட்டில் பொட்டுக்கடலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. அதே வருடம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஒரு இணையதளமும் திறந்தார்கள். வீட்டு உபயோகப் பொருள், போன், வாகனம், விவசாயக் கருவி என்று நான்கு துறைகள். சர்வீஸ் சென்டர் விவரம் தேடலாம், நல்ல விஷயம். ஆனால் கப்ளர் அதிலிருந்து வராது.

உங்களுக்கு வழி இருக்கிறது சார். உங்கள் பேட்டையிலேயே மிக்ஸி ரிப்பேர் செய்யும் சின்னக் கடைக்கு ஜாரையும் மோட்டார் பக்கக் கப்ளரையும் சேர்த்து எடுத்துப் போங்கள். பல் எண்ணிக்கையும் உயரமும் பொருந்தினால் ஐம்பது நூறு ரூபாயில் முடியும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுப் பல்லைத் தின்றுவிடும், இரண்டையும் மாற்றுங்கள்.

கேள்வி: நண்பரின் நண்பரிடமிருந்து 14,000 ரூபாய்க்குப் பழைய மரம் அறுக்கும் மெஷின் வாங்கினேன். பெயர்த் தகடு உரிந்திருக்கிறது. பில் இல்லை. அவசரத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஸ்பேர் எங்கே கிடைக்கும்? (போரூர் வாசகர்)

பதில்: பெயர் இல்லை, பில் இல்லை, ஓட்டிப் பார்க்கவும் இல்லை. 14,000 ரூபாய் மட்டும் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. பிளேடையும் பெல்ட்டையும் அளந்து வாங்கலாம். மிச்சத்துக்கு நண்பரின் நண்பரைத்தான் கேட்க வேண்டும். கத்தரிக்காய் வாங்கும்போதுகூட நாம் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

கேள்வி: பழைய பைக் கார்புரேட்டர் புதுப்பேட்டையில் வாங்கலாமா? (சூளை வாசகர்)

பதில்: தாராளமாக. உங்கள் பழையதைக் கையில் எடுத்துப் போங்கள், முதல் கடையிலேயே வாங்காதீர்கள், ரசீது தராத இடத்தில் வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் தைத்துத்தான் பிழைக்கிறேன். மாமியார் காலத்துக் கறுப்பு மெஷினைச் சர்வீஸுக்குக் கொடுத்தேன். 1,800 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன், பில் தரவில்லை. வந்த பிறகு துணிக்கு அடியில் நூல் சுருண்டு சுருண்டு விழுகிறது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது என் ஷட்டில் (அடிநூலோடு தையலைப் பின்னும் இரும்புப் பாகம்) இல்லை. என்னுடையதில் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், பையன் கீழே போட்டது. கடையில் கேட்டால் 'நிரூபிக்க முடியுமா' என்கிறார்கள். (வியாசர்பாடி வாசகி)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. பழைய ஷட்டிலின் இரும்பு நல்ல இரும்பு என்று தெரிந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

தொழிலுக்கு வைத்திருக்கும் மெஷின், நீ நுகர்வோரே இல்லை என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். சுயதொழில் செய்து அதில் பிழைப்பவர் நுகர்வோர்தான், 2019ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவு பணம் கொடுத்ததைக் காட்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். பல கடைகள் அதற்கே இறங்கி வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும்.

இப்போது உள்ளே இருக்கும் ஷட்டிலைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். அதையும், தையல் விழும் விதத்தையும் போட்டோ எடுங்கள். உங்கள் பழைய ஷட்டிலோடு மெஷின் இருக்கும் படம் ஏதாவது கல்யாண ஆல்பத்திலாவது மாட்டுகிறதா பாருங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை இன்றைக்கே இன்னொரு போனுக்கும் அனுப்பிவிடுங்கள். இனி எந்தக் கடையில் எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் படி இறங்காதீர்கள்.

கேள்வி: ஃபேன் ஐந்தில் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. புது ஃபேன் வாங்கிவிடலாமா? (அயனாவரம் வாசகர்)

பதில்: முதலில் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். பழையதில் 2.5 எம்.எஃப்.டி. என்று போட்டிருந்தால் அதே 2.5 வாங்குங்கள். மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள்.