புவெர்ட்டோ ரிக்கோவில் சல்சா ஆட எங்கே போகலாம்? பெண் தனியாகப் போனால் சரிப்படுமா?

கேட்டவர் அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும். தீவுக்கும் போகணும், வெளிநாடு போனால் திரும்பி வர விசா முத்திரை குத்தும் ஸ்டாம்பிங் தலைவலியும் கூடாது என்றால் நம் ஆட்கள் கிளம்புவது அங்கேதான். அமெரிக்க ஆளுகையில் உள்ள தீவு என்பதால் உள்நாட்டு விமானம், டாலரே செல்லும். நானும் கணவர், மகனோடு ஒரு லாங் வீக்கெண்டுக்குப் போனவள்.

தேடினால் முதலில் வருவது தலைநகர் சான் ஹுவானின் சான்டுர்சே பகுதியில் இருக்கும் லா பிளசீத்தா. பகலில் காய்கறிச் சந்தை. வியாழன் முதல் சனி வரை ராத்திரியில் சுற்றியுள்ள தெருக்களெல்லாம் கூட்டம். அங்கே 18 வயதிலேயே குடிக்கலாம் என்பதால் இளவட்டம்தான் அதிகம். பல கடைகளில் சல்சா இல்லாமல் ரெகேட்டோன் என்ற ராப் கலந்த பாட்டு ஓடும், ஆடக் காலை நீட்ட இடம் இருக்காது. அடுத்தது பழைய நகரத்தில் லா ஃபாக்டோரியா. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பாருக்குள் இன்னொரு பார் என்று கதவு கதவாக உள்ளே போனால் சல்சா அறை வரும். இசை நன்றாக இருக்கும், நெரிசலும் இருக்கும்.

என்னைக் கேட்டால் 'ஃபியெஸ்தாஸ் பத்ரொனாலெஸ்' எங்கே நடக்கிறது என்று பாருங்கள். தீவில் 78 நகராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் புனிதர். அவர் திருநாளை ஒட்டி ஊர்ச் சதுக்கத்தில் மேடை போட்டு ஆர்க்கெஸ்ட்ரா வைப்பார்கள். நம் ஊர் அம்மன் கோயில் கொடை மாதிரிதான், பாட்டியும் பேரனும் சேர்ந்து வருவார்கள். டிக்கெட் எல்லாம் கிடையாது.

நான் ஆடியது அப்படி ஒரு சதுக்கத்தில்தான். 1962-இல் ஆரம்பித்த எல் கிரான் கோம்போ என்ற சல்சா இசைக்குழுவின் பாட்டு ஒன்றை உள்ளூர்க் குழு எடுத்ததும் கூட்டமே சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒருவரை அவர் மனைவியே முதுகில் தட்டி என்னிடம் அனுப்பினார். நான் டாலஸில் வகுப்பில் படித்தது 'ஆன் ஒன்': முதல் தட்டில் முன்னடி, 1-2-3, 5-6-7 என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே ஆடுவது. அவர் எதையும் எண்ணவில்லை. இரண்டு குச்சிகளைத் தட்டும் கிளாவே சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடினார். சுற்று, வித்தை ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் என் எண்ணிக்கையும் தானாக நின்றுபோனது. கணவர் மகனுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "புருஷன் எங்கே போனார்?" என்று கீழே கமெண்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அவருக்கு ஆட்டம் வராது, எனக்கு வரும். அவ்வளவுதான் விஷயம்.

நாங்கள் முன்பு இருந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு ஒரு சல்சா நடனம் போடுகிறேன் என்றேன். "குடும்ப நிகழ்ச்சி, சரிப்படாதுங்க" என்றார்கள். அதே மேடையில் பத்து வயதுப் பெண் பிள்ளைகளை ஐட்டம் பாட்டுக்கு ஆடவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து வீடியோ எடுத்தார்கள். அதில் குடும்பம் எங்கே இருந்ததோ! கேட்டால் நான் கோபக்காரி. சந்தாவை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டார்கள்.

சரி, தனியாகப் போகலாமா என்ற கேள்வி. சதுக்கத் திருவிழாவுக்குத் தாராளமாகப் போங்கள், சுற்றிலும் குடும்பங்கள்தான். ஒரு பாட்டு முடிந்ததும் "கிராசியாஸ்" (நன்றி) சொல்லி விலகினால் யாரும் தப்பாக எடுப்பதில்லை. பார்களுக்கு என்றால் துணையோடு போங்கள், திரும்ப வண்டியை முன்பே பேசி வையுங்கள். (எல்லா ஊரும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.) வகுப்புக்குப் போடும் மெல்லிய தோல் அடி வைத்த ஹீல்ஸ் வேண்டாம். பழைய நகரத்தில் தெருவெல்லாம் நீலக் கல் பாவியது, சதுக்கங்களில் சிமெண்டுத் தரையும் ஓடு பதித்த தரையும், ஒரே ராத்திரியில் செருப்பு போய்விடும். வழுவழு அடி உள்ள சாதா கேன்வாஸ் போதும்.