மரத்தில் வாழும் புலி வண்டுகள்: கேள்வி பதில்

கே: ஏற்காட்டில் காபித் தோட்டம், சார். இளங்கிளையில் வட்டமாக ஒரு துளை, உள்ளே புழு. தண்டுத் துளைப்பான்தானே? வெட்டி எரித்துவிடவா?

ப: கத்தியைக் கீழே வையுங்கள். வெள்ளைத் தண்டுத் துளைப்பானின் புழு தடித்த தண்டுக்குள் தூளை அடைத்துக்கொண்டே குடையும்; வளர்ந்த வண்டு வெளியேறும்போதுதான் ஓட்டை தெரியும். நீங்கள் சொல்வது பெரும்பாலும் நியோகொலிரிஸ் என்ற புலி வண்டின் புழு; புலி வண்டுகள் பூச்சிகளை வேட்டையாடுபவை. கிளையின் நடுச்சோற்றைக் குடைவது வீட்டுக்காக, சாப்பாட்டுக்காக அல்ல. தட்டைத் தலையால் வாசலை மூடிக்கொண்டு காத்திருக்கும். எறும்பு கிட்ட வந்தால் கவ்வி உள்ளே இழுக்கும். முதுகுக் கூனில் உள்ள கொக்கிகளைச் சுவரில் ஊன்றிக்கொள்வதால் இரை திமிறினாலும் புழுவை வெளியே இழுக்க முடியாது. மெல்லிய கிளை என்றால் காற்றில் ஒடியலாம், அவ்வளவுதான் நஷ்டம். பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள்.

கே: கடிக்குமா?

ப: விரலில் பிடித்தால் கடிக்கும். விஷமில்லை.

கே: போட்டோ அனுப்பியிருக்கிறேன். என்ன வண்டு?

ப: மங்கல். எந்த மரம், எவ்வளவு உயரம், ஓடியதா பறந்ததா? இந்த மூன்றும் இல்லாமல் பெயர் கேட்காதீர்கள்.

கே: மாத்தளையிலிருந்து. அடிமரத்தில் பெரிய கறுப்பு எறும்பு போல ஒன்று. கிட்டப் போனால் மரத்தைச் சுற்றி மறுபக்கம் ஓடுகிறது. பறக்கவேயில்லை.

ப: இப்படிக் கேட்க வேண்டும்! ட்ரைகொண்டைலா, அல்லது டெரோக்ரேனியா. பின்னது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே உண்டு. இரண்டுமே பறக்காத புலி வண்டுகள்; எறும்பு போலத் தெரிவது அவற்றின் வேஷம். இன்னொருவரை மறுபக்கம் நிறுத்துங்கள், அகப்படும்.

கே: எறும்பு வேஷம் என்பதெல்லாம் நம் கற்பனையாக இருக்கலாமே?

ப: வேஷம் உண்மை. பிலிப்பைன்ஸில் ட்ரைகொண்டைலாவைப் போலவே ஒரு சிள்வண்டு உண்டு; பெயரில்தான் வண்டு, உறவு வெட்டுக்கிளியோடு. பூச்சியியலாளர் வெஸ்ட்வுட்டே அதைப் புலி வண்டுகளோடு வைத்து வெகுகாலம் ஏமாந்தார் என்று இயற்கை ஆய்வாளர் வாலஸ் எழுதியிருக்கிறார்.

கே: அது சிள்வண்டு புலி வண்டைப் போல இருப்பதற்குச் சாட்சி. புலி வண்டு எறும்பைப் போல இருப்பதற்கு?

ப: மடக்கிவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடுப்பு ஒடுங்கி, இறக்கை ஒட்டிப்போன அந்த உடம்பை எறும்புகளுக்கு நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். நானே ஏமாந்திருக்கிறேன்.

கே: நீங்கள் ஏமாந்தால் போதுமா? பறவை ஏமாற வேண்டாமா?

ப: பறவையிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கே: இது கடிக்குமா, சார்?

ப: மேலே இருக்கிறது.

கே: எங்கள் காபியிலும் துளை. மருந்து என்ன?

ப: முதலில் துளையைப் பாருங்கள். கத்தி, மருந்து எல்லாம் பிறகு.

கே: மறுபடி ஏற்காடு. உட்கார்ந்தேன். எறும்பு வந்தது, மூடி அசைந்தது, எறும்பைக் காணோம்! துளை இடுப்பு உயரத்தில்.

ப: என்ன எறும்பு? கறுப்பா, சிவப்பா?