பின் இருக்கையைக் கேட்டீர்களா?

கேள்வி: கார் வாங்க 25 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் நான், மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியுள்ள 70 வயது அம்மா. ஏழு வருடம் ஓடிய பி.எம்.டபிள்யூ 320டி ஒன்று 24 லட்சத்துக்கு வருகிறது. "இவ்வளவு பணம் கொடுத்து டாக்ஸியா வாங்குவாய்? ஓட்டத் தெரிந்தவனுக்கு ஜெர்மன் கார்தான்" என்கிறார்கள் கார் பிரியர்களான நண்பர்கள். மனைவியோ இன்னோவா போதும் என்கிறார். எதை வாங்கலாம்?
- வாசகர், கோவை

பதில்: உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

நண்பர்கள் பொய் சொல்லவில்லை. 320டி அருமையான கார். 190 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், பின் சக்கரங்களுக்குப் போகும் விசை, முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்த எடை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஓட்டுபவருக்கு இறங்கவே மனம் வராது. ஆனால் இந்தப் புகழ்ச்சி முழுவதும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து வருகிறது. உங்கள் வீட்டில் ஐந்து பேர். மற்ற நால்வரிடம் யார் கேட்டார்கள்?

அந்தக் காரின் பின்கதவைத் திறந்து பாருங்கள். விசையைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு தரைக்கு அடியில் ஓடுவதால் நடுவில் ஒரு மேடு உயர்ந்து நிற்கிறது. நடுவில் உட்காரும் பிள்ளை அந்த மேட்டின் இருபுறமும் காலைப் பரப்பிக்கொண்டுதான் பழனி வரை வர வேண்டும். இருக்கையும் தாழ்வு. உங்கள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, முழங்காலை மடக்கி உள்ளே இறங்க வேண்டும். வெளியே வரும்போது உடல் எடை முழுவதையும் அதே முழங்காலில் ஏற்றி எழ வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு இது ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு முறை தண்டனை. இன்னோவா போன்ற வண்டியில் இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. உட்கார்ந்து காலைத் திருப்பினால் போதும். 2021-இல் இந்தியாவுக்கு 3 சீரிஸின் (320டி இந்த வரிசைக் கார்தான்) நீளமான வகையை பி.எம்.டபிள்யூ நிறுவனமே கொண்டுவந்தது. சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 110 மில்லிமீட்டர் கூட்டியது. பின் இருக்கை போதவில்லை என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது.

இனி பணம். புதிதாக வாங்கினால் 60 லட்சத்தைத் தாண்டும் கார் 24 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்பதுதான் உங்களை இழுக்கிறது. காப்பீட்டுக் கணக்கிலேயே ஐந்தாம் ஆண்டில் காரின் மதிப்பில் பாதி கழிந்துவிடுகிறது. விலை இறங்குவது காருக்குத்தான். உதிரிபாகத்துக்கோ வேலைக்கூலிக்கோ அந்தத் தள்ளுபடி இல்லை. ஏழு வருடக் காருக்கு வாங்கும் ஹெட்லைட்டும் சஸ்பென்ஷனும் 60 லட்ச ரூபாய்க் காருக்கு வாங்கும் அதே பொருள்கள்தான். தேய்ந்த பாகங்கள் ஒவ்வொன்றாக மாற்றக் கேட்கும் வயதில் அந்தக் கார் உங்கள் கைக்கு வருகிறது. முந்தைய உரிமையாளர் அதை இப்போது விற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மீதமிருக்கும் ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு இதைத் தாங்க முடியுமா?

டயரையும் கவனியுங்கள். இந்தக் கார்கள் பலவற்றில் இருப்பது காற்று போனாலும் ஓடும் ரன்ஃப்ளாட் டயர், ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் வரை போகலாம். அதற்குள் அந்த அளவு டயர் வைத்திருக்கும் கடையை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். டயரின் பக்கச்சுவர் விறைப்பானது என்பதால் பள்ளங்களின் அதிர்வும் உள்ளே கூடுதலாகத் தெரியும். டீசல் புகைவடிகட்டி இன்னொரு தொல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய் வரும் குட்டி ஓட்டங்களில் அது சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பே இல்லை. கரி அடைத்துக்கொள்ளும்.

பெயருக்காகத்தான் அந்தப் பணம் என்றால், இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022-இல் இந்தியாவில் விற்ற ஆடி க்யூ3, ஃபோக்ஸ்வாகன் டிகுவான், ஸ்கோடா கோடியாக் ஆகிய மூன்றிலும் 190 குதிரைத்திறன் தரும் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். ஒரே குடும்பத்து அடித்தளம். மூன்றும் பாகங்கள் இணைத்து உருவாக்கப்பட்டது அவுரங்காபாத் ஆலையில். உள்ளலங்காரமும் ஓட்டத்தின் பக்குவமும் வேறுபட்டன, மறுக்கவில்லை. ஆனால் ஆடியின் முகப்பில் உள்ள வளையச் சின்னத்துக்கு நாம் கொடுக்கும் விலையில் எவ்வளவு இயந்திரத்துக்கு, எவ்வளவு பக்கத்து வீட்டுக்காரரின் பார்வைக்கு என்று ஒவ்வொருவரும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

'டாக்ஸி' என்று உங்கள் நண்பர்கள் இளக்காரமாகச் சொல்வதுதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்த்து, அந்த வண்டியை நம்பிக் குடும்பம் நடத்தும் ஓட்டுநர்கள் 2005-இலிருந்து இன்னோவாவைத் தேர்ந்தெடுத்து வருகிறார்கள். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும் என்பவர்களின் தேர்வு அது. இதைவிட நம்பகமான சான்றிதழ் எந்தக் காருக்கும் கிடைக்காது.

கார் பிரியர்களின் பேச்சில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நல்ல பிரேக், நூல் பிடித்தது போன்ற ஸ்டியரிங், வேகத்தில் தடுமாறாத உடல் ஆகியவை குடும்பத்துக்கும் காவல். எனவே எந்தப் பெரிய வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். மோதல் சோதனை முடிவைப் பாருங்கள். டாடா சஃபாரி 2023-இல் குளோபல் என்கேப், பாரத் என்கேப் இரண்டிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பின் இருக்கையில் ஒவ்வொருவருக்கும் மூன்றுமுனை பெல்ட் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். வாங்கிய பிறகு தவறாமல் அணியச் செய்யுங்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது பயணித்தது மெர்சிடிஸ் பென்ஸ் கார். பின் இருக்கையில் அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை கூறியது. விலை உயர்ந்த கார் பெல்ட்டின் வேலையைச் செய்யாது.

உங்கள் தொகைக்கு சஃபாரி, கியா கேரன்ஸ், இன்னோவா ஹைகிராஸ் பெட்ரோல் வகை ஆகியவற்றின் நடுத்தர மாடல்களைப் பாருங்கள். ஆன்ரோடு விலையைக் கேளுங்கள். ஷோரூம் விலை பாதி உண்மைதான். அம்மாவை அழைத்துப் போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஓட்டும் ஆசை அடங்கவில்லையா? அது நியாயமான ஆசை, அதை நசுக்க வேண்டாம். ஃபார்முலா ஒன் பந்தயக் கார் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் ஊர்க்காரர் நீங்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத்தளம் இருக்கிறது. பிற்பாடு கை தாராளமானால் ஃபோக்ஸ்வாகனின் துடிப்பான குட்டிக் காரான போலோ ஜிடி டிஎஸ்ஐ பழையது ஒன்றை உங்களுக்கென்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 320டிதான் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வீஸ் பதிவு முழுவதையும் வாங்கிப் படியுங்கள். ஓடோமீட்டர் காட்டும் தூரமும் அதில் உள்ள தூரமும் பொருந்த வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது, உடனே மாற்ற வேண்டியது. பிறகு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றி, கணினியை இணைத்துப் பழுதுக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.