கோஸ் தோட்டத்தில் பார்த்த பரிணாமம்

கேள்வி: பரிணாமம் நடக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். அப்படியானால் அதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா? ஓர் உயிரினம் எப்படித்தான் மாறுகிறது?

நான் பார்த்திருக்கிறேன். அதுவும் காசு செலவழித்துப் பார்த்தேன்.

எங்கள் ஊர் ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. தக்காளி, முட்டைக்கோஸ், ஒரு ஏக்கர் மல்பெரி, வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டுப்புழு மனை. இவ்வளவுதான் எங்கள் உலகம். விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடி அலைந்து, கடைசியில் இதே மண்ணுக்குத் திரும்பி வந்தவன் நான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கோடையில் கோஸ் போட்டிருந்தோம். இலையெல்லாம் சல்லடை. தொட்டால் பச்சைப் புழு துள்ளிக்கொண்டு பின்பக்கமாகப் போய், நூல் விட்டுக் கீழே தொங்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அது. உட்கார்ந்திருக்கும் அந்துப்பூச்சியின் முதுகில் வைரக்கல் வரிசை மாதிரி ஒரு கோடு தெரியும், பெயர் அதனால் வந்தது. அப்பா மருந்து அடித்தார். முதல் தடவை நன்றாகவே கேட்டது. அடுத்த தடவை பாதி கேட்டது. மூன்றாவது தடவை கடைக்காரர் சொன்னபடி ஒரு டேங்குக்கு இரண்டு மடங்கு ஊற்றி அடித்தும், புழு பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வருடம் கோஸை அறுக்கவே இல்லை, மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டோம்.

"பூச்சி மருந்துக்குப் பழகிப்போச்சு" என்றார் அப்பா. மருந்துக்கடையிலும் இதே வார்த்தைதான். இந்த ஊர்ப்பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பரிணாமம் பற்றிய குழப்பத்தில் முக்கால்வாசி இந்தப் 'பழகிப்போச்சு' என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பழகுவது என்றால் என்ன? மிளகாய்க் காரம் நமக்குப் பழகும். சின்ன வயதில் கண்ணில் தண்ணீர் வரும், அப்புறம் சரியாகிவிடும். அங்கே மாறியது ஒரே ஆள். கோஸ் புழு விஷயத்தில் அப்படி எந்தப் புழுவும் மாறவில்லை. மருந்து பட்டுச் சாகிற புழு செத்தது. சாகாத புழு முதலிலிருந்தே சாகாத புழு. மாறியது தோட்டத்துப் புழுக்கூட்டத்தில் யார் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும்.

அந்தக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம், காகிதத்தில் நான் போட்டது. ஒரு தோட்டத்தில் 10,000 புழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது 10 புழு, பிறவியிலேயே மருந்தைத் தாங்குகிற சாதி. மருந்து அடிக்கிறோம். மற்றவற்றில் நூற்றுக்கு 95 சாகிறது, சுமார் 500 எப்படியோ தப்பிக்கிறது. தாங்குகிற 10ம் அப்படியே இருக்கிறது. மொத்தம் 510. விவசாயிக்கு மனசு குளிர்ந்துவிடும். மீந்தது ஒவ்வொன்றுக்கும் இருபது வாரிசு என்றால் அடுத்த தலைமுறையில் 10,200 புழு, அதில் 200 தாங்குகிறவை. மறுபடி அடித்தால் 500ம் 200ம் மிஞ்சும். அதற்கடுத்த தலைமுறையில் 14,000, அதில் 4,000 தாங்குகிறவை. மூன்றாவது தடவை அடித்து முடிக்கும்போது மீந்த 4,500ல் 4,000 மருந்துக்கு அசையாதவை. ஆயிரத்துக்கு ஒன்று, மூன்றே தெளிப்பில் பத்துக்கு ஒன்பது ஆகிவிட்டது. பிள்ளை அப்படியே பெற்றோர் மாதிரி இருக்கும் என்று எளிமைப்படுத்தித்தான் இதைப் போட்டேன். ஆணும் பெண்ணும் கலப்பதால் நிஜத்தில் வேகம் கூடும், குறையும். போகிற திசை மாறாது. வெயில் காலத்தில் இந்தப் பூச்சிக்கு ஒரு தலைமுறை மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். லட்சம் வருடம் எங்கே தேவைப்படுகிறது?

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் கிடையாது. இதே பூச்சி டிடிடி என்ற பூச்சிமருந்தை எதிர்த்து நின்றது 1953லேயே ஜாவா தீவில் பதிவாகியிருக்கிறது. பிடி (Bt) என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த மருந்துக்கும் மசியவில்லை என்பது 1990ல் ஹவாயிலிருந்து வந்த செய்தி.

இங்கே ஒருவர் கேட்கலாம்: தாங்குகிற புழு முதலிலிருந்தே இருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? மருந்து பட்ட பிறகு அது தன்னை மாற்றிக்கொண்டிருக்கலாமே? நியாயமான கேள்வி, கல்லூரியில் எனக்கும் இருந்தது. எனக்குத் திருப்தி தந்த பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே செம்மறியாட்டின் தோலில் முட்டையிட்டுப் புண்ணாக்கும் ஓர் ஈ உண்டு. மாலத்தியான் மருந்துக்கு அது அசையாமல் போயிற்று. அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைத்திருந்த பழைய ஈக்களை எடுத்து அவற்றின் டிஎன்ஏவைப் பார்த்தார்கள். அந்த வகை மருந்துகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, 1950க்கு முன்னால் பிடித்த ஈக்கள் அவை. அவற்றிலேயே மாலத்தியானைத் தாங்கும் மரபணு மாற்றம் இருந்தது. 2006ல் வெளியான ஆய்வு இது. மருந்தையே காணாத ஈயிடம் மருந்துக்கான விடை இருந்திருக்கிறது, யாருக்கும் தேவைப்படாமல். ஆனால் அதே ஆய்வில், டயசினான் என்ற இன்னொரு மருந்தைத் தாங்கும் மாற்றம் பழைய ஈக்களில் கிடைக்கவில்லை. எல்லா விடையும் எப்போதும் கைவசம் இருப்பதில்லை. சில பின்னால் தற்செயலாகத்தான் பிறக்கின்றன, பிறக்காமலும் போகலாம். பிறக்காவிட்டால் அந்த இனம் அழியவும் கூடும்.

வித்தியாசம் இல்லாத இடத்தில் இந்த ஆட்டமே நடக்காது. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெங்களூரா மாமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தூர் நர்சரிகளில் ஒட்டுக் கட்டி விற்கிற ஒவ்வொரு கன்றும் தாய்மரத்தின் துண்டுதான். ஆயிரம் ஏக்கர் தோப்பாக இருந்தாலும், உள்ளே ஒரே மரம் ஆயிரக்கணக்கான வேரில் நிற்கிறது என்று சொல்லலாம். கூழ்த் தொழிற்சாலைக்கு அது வசதி. புதிதாக ஒரு நோய் வந்தால் அதே காரணத்துக்காகப் பயம்.

சரி, பட்டுப்புழுவுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான்.

கூட்டை எல்லாம் பொறுக்கித் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோன பிறகு, மூலையில் எங்காவது ஒன்றிரண்டு கூடு தப்பிக் கிடக்கும். சில நாளில் அதைத் துளைத்துக்கொண்டு வெள்ளையாக ஒரு அந்துப்பூச்சி வெளியே வரும். றெக்கையைப் படபடவென்று அடிக்கும், ஆனால் தரையை விட்டு எழும்பாது. அதற்குச் சாப்பிட வாயும் கிடையாது. இணை கிடைத்தால் கூடி, நானூறு ஐந்நூறு முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போகும். ஒரு தடவை அம்மா குனிந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "பறக்காததுக்கு எதுக்கு கண்ணு றெக்கை?"

மூன்று வருடம் படித்த விலங்கியலில் இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் சீனாவில் இருக்கிறது. இதன் காட்டுச் சொந்தம் இன்னும் அங்கே இருக்கிறது. அதன் அந்துப்பூச்சி பழுப்பாக இருக்கும், நன்றாகப் பறக்கும். புழுவும் மரக்கிளையோடு கலந்துபோகும் நிறம். ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் அந்தப் புழுவைத் தட்டில் வைத்து வளர்க்க ஆரம்பித்தார்கள். பறக்காத பூச்சி வேண்டும் என்று அவர்களில் யாராவது திட்டம் போட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். நல்ல கூடு வேண்டும், அதைத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் பறந்து போனது போய்விடும், அதன் முட்டை தட்டில் இருக்காது. தட்டிலேயே கிடந்ததன் முட்டைதான் அடுத்த வளர்ப்புக்கு வந்தது. காட்டில் பறக்கத் தெரியாத பூச்சிக்கு இணையும் கிடைக்காது, பறவையிடமிருந்து தப்பவும் முடியாது. தட்டில் அது ஒரு குறையே இல்லை. பயன்படுத்தாததால் தேய்ந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அது மறுபடி அந்த 'பழகிப்போச்சு' கதைதான். என் அப்பா மருந்தால் கழித்ததைச் சீனத்து வளர்ப்பாளர்கள் தட்டால் கழித்தார்கள். றெக்கை மட்டும் பழைய வீட்டுச் சாவி மாதிரி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. வீட்டுப்புழுவின் பூச்சியும் காட்டுப்பூச்சியும் இன்றைக்கும் கூடினால் முட்டை பொரிக்கும். அப்படியென்றால் இரண்டும் ஒரே இனமா, வேறு வேறா? அறிவியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. ஆனால் எந்த நாளில் அது இதுவாயிற்று என்று கேட்டால் அப்படி ஒரு நாளே இல்லை. இதே தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானை ஔவையார் பாடிய பாட்டைப் படிக்க எனக்கு உரை வேண்டியிருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை எந்தத் தாயும் தன் பிள்ளைக்குப் புரியாத மொழியில் பேசியதில்லை. இனங்கள் பிரிவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

குரங்கு மனிதனாயிற்றா என்ற கேள்வி எப்படியும் கீழே பின்னூட்டத்தில் வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒகேனக்கலில் உங்கள் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கும் குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, தூரத்துப் பங்காளி. இரண்டு பேருக்கும் பொதுவான பாட்டன் சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இருந்தவர். 'குரங்கு ஏன் இன்னும் மனிதனாகவில்லை' என்பது 'பங்காளி வீட்டுப் பையன் ஏன் இன்னும் நானாகவில்லை' என்று கேட்பது மாதிரி.

இதெல்லாம் தெரிந்து தோட்டத்தில் என்ன பயன் என்றால், இருக்கிறது. அரூர்ப் பக்கம் சித்தப்பா பிடி பருத்தி போட்டவர். அந்தப் பிடி பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி அது, புழுவைக் கொல்லும் மருந்து செடிக்குள்ளேயே இருக்கும். அப்போது அந்த விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை தனியாக வந்தது, வரப்போரமாகப் போடச் சொன்னார்கள். "புழு தின்ற செடியை எதுக்கு வளர்க்கணும்" என்று அவர் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார். ஊரில் பெரும்பாலானவர்கள் செய்ததும் அதுதான். புழுவுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் சோறு போட்டு, மருந்துக்குச் சாகிற சாதியை உயிரோடு வைத்திருப்பதற்கான விதை அது. அவை தாங்குகிற சாதியோடு கலந்தால்தான் தாங்கும் குணம் கூட்டத்தில் நீர்த்துப்போகும். 2010 வாக்கில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிடி பருத்தியைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று உறுதியானது. சித்தப்பாவுக்கும் அந்தப் பொட்டலத்தை விளக்கிச் சொல்ல ஆள் இல்லை, அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் இப்போது மருந்து வாங்கும்போது டப்பாவின் பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கிறேன். அந்தக் கோடையில் மூன்று தடவையும் வேறு வேறு டப்பா வாங்கினோம். பிற்பாடு எடுத்துப் பார்த்தால் மூன்றிலும் ஒரே மருந்து. இப்போது ஒரு தலைமுறைப் புழுவுக்கு ஒரு வகை, அடுத்ததற்கு வேலை செய்யும் விதமே வேறான இன்னொரு வகை. கோஸுக்கு நடுவே கடுகு இரண்டு வரிசை விடுகிறோம், அந்துப்பூச்சி அங்கே போய் முட்டை வைக்கிறது. பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்திருக்கிறோம். புழு இருக்கிறது, அறுவடையும் இருக்கிறது.

அப்பா இன்னும் 'பழகிப்போச்சு' என்றுதான் சொல்கிறார். நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். ஆனால் போன மாதம் கடைக்காரர் ஒரு புது டப்பாவை எடுத்து நீட்டியபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தது அவர்தான்.