தக்காளி ஏறினால் தறிக்கு ஏன் வட்டி?

கேள்வி: தக்காளி விலை ஏறினால் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனுக்கான வட்டியை, ஏற்றுகிறது. என் தறிக் கடனுக்குத் தவணை கூடுகிறது. நான் கூலி உயர்த்திக் கேட்கிறேன், துணி விலை ஏறுகிறது. ஆக, விலைவாசியை ஏற்றுவதே வட்டிதானே?
– விசைத்தறிக்காரர் ஒருவர், சோமனூர்

பதில்: வட்டிதான் விலைவாசியை ஏற்றுகிறது என்று துருக்கி அதிபர் எர்டோகனும் சொன்னார். உங்களிடம் இருப்பது தறி. அவரிடம் ஒரு நாடே இருந்ததால் வட்டியைக் குறைத்தே பார்த்துவிட்டார். 2021 செப்டம்பரில் 19 சதவீதமாக இருந்த வட்டி டிசம்பருக்குள் 14 ஆனது. துருக்கிப் பணமான லிரா சரிந்து இறக்குமதிச் சரக்கெல்லாம் எகிற, 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. கடைசியில் 2024 மார்ச்சில் அதே மத்திய வங்கி வட்டியை 50 சதவீதத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்புறம், தக்காளிக்காக உங்கள் தவணை ஏறவில்லை. 2023 ஜூலையில் தக்காளி எகிறிப் பணவீக்கம் 7.44 சதவீதம் ஆனபோது ரெப்போ 6.5-லேயே அசையாமல் இருந்தது. வட்டியைக் கூட்டினால் உடுமலைத் தோட்டத்தில் கூடுதலாகக் காய்க்கவா போகிறது? நாற்று நட்டு எழுபது எண்பது நாளில் காய் பறித்துவிடலாம். வட்டி விலைவாசியில் வேலை செய்ய ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதற்குள் விலை போகாத தக்காளியை ரோட்டோரம் கொட்டும் காலமே வந்துவிடும்.

உங்கள் தவணை ஏறியது அதற்கு முன்னால். 2022 மேயில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. பஞ்சு கண்டி (சுமார் 356 கிலோ) 1 லட்சம் ரூபாயைத் தொட்டதே, அந்த நேரம்தான். எண்ணெய், உரம், நூல் என்று எல்லாம் ஏறும்போது ஆளாளுக்கு அடுத்த வருட ஏற்றத்தையும் இப்போதே சேர்த்துக் கேட்பார்கள். நீங்கள் கூலி கேட்கிற மாதிரி. வட்டி ஏறினால் துணி வாங்குபவர் கையை இழுத்துக்கொள்வார், ஜவுளி உற்பத்தியாளர் உங்களுக்குக் கூலி உயர்வு இல்லை என்பார். மருந்து வேலை செய்வது அங்கேதான். கசப்பு உங்கள் நாக்கில், அதை மறுக்கவில்லை.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. 2019 அக்டோபர் முதல் சிறு தொழிலுக்கான புதிய மாறும் வட்டிக் கடன்களை வங்கிகள் வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும். பெரும்பாலும் அது ரெப்போதான். அதனால் உயர்வு மூன்று மாதத்துக்குள் உங்கள் தலையில் விழுகிறது. பக்கத்துத் தறிக்காரர் ஃபைனான்ஸில் ரெண்டு வட்டிக்கு, அதாவது வருடத்துக்கு 24 சதவீதத்துக்கு வாங்கியிருந்தால், ரெப்போ 4 ஆனாலும் 6.5 ஆனாலும் அவருக்கு அதே 24. நம்மைப் போன்ற நாடுகளில் மத்திய வங்கியின் கை எட்டாத இடம் இது.

சரி, 2025 பிப்ரவரியில் தொடங்கி ஜூனுக்குள் ரெப்போ ஒரு சதவீதம் இறங்கியதே, உங்கள் கடனில் அது தெரிந்ததா? தவணைத் தொகை அப்படியே இருந்து, கட்ட வேண்டிய மாதங்கள் குறைந்திருக்கலாம். கடன் கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். இரண்டும் குறையவில்லையா? எனக்கு எழுதிய கடிதத்தில் பாதி காரத்தோடு வங்கி மேனேஜருக்கும் ஒன்று எழுதுங்கள்.