ஒருநேரம் திக்கும், ஒருநேரம் ஓடும்: த்ராட்டில் சென்சார் கேள்வி-பதில்

கேள்வி: பழைய பெட்ரோல் கார். ஒரே வேகத்தில் நிதானமாகப் போகும்போது சட்டென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டுச் சரியாகிவிடுகிறது. த்ராட்டில் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: சோதிக்காமல் மாற்றாதீர்கள். சந்தேகம் என்னவோ நியாயமானதுதான். பழைய வண்டிகளில் இந்த சென்சாருக்குள் ஒரு கார்பன் பாதையும், அதன்மேல் உரசியபடி நகரும் ஒரு தொடுமுனையும் இருக்கும். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு திறக்கிற அளவுக்கேற்ற வோல்டேஜ், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் போகும். வண்டி பெரும்பாலும் ஓடுவது ஐடிலுக்குச் சற்று மேலே, கால்வாசித் திறப்புக்குள். அதனால் பாதை தேய்வதும் அங்கேதான். தேய்ந்த இடத்தைத் தொடுமுனை கடக்கும்போது சிக்னல் ஒரு கணம் அறுந்துபோகும். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டீர்கள் என்று எண்ணி ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். வெட்டு அங்கிருந்து வருகிறது.

சென்சாருக்கு மூன்று வயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். எஞ்சினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். கனெக்டரைக் கழற்ற வேண்டாம். பின்பக்கமாக, ரப்பர் சீலை ஒட்டி மெல்லிய ஊசி முனையை நுழைத்து சிக்னலுக்கும் சென்சார் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் வோல்டேஜ் அளவு எடுங்கள். வயரின் மேல்தோலைக் குத்திப் பார்க்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்தத் துளைவழி ஈரம் இறங்கி, சில மாதங்களில் இன்னொரு கோளாறைக் கொண்டுவரும்.

த்ராட்டில் மூடியிருக்கும்போது பொதுவாக 0.5 வோல்ட்டை ஒட்டியும், முழுக்கத் திறந்தால் 4 முதல் 4.7 வோல்ட் வரையும் காட்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இரண்டு முனைகளிலும் அளவு சரியாக இருப்பதால் மட்டும் சென்சார் நல்லது என்று ஆகிவிடாது, நடுவில்தான் விஷயம். பத்து நொடி எடுத்து மெதுவாகத் திறந்து, அதே நிதானத்தில் மூடுங்கள். வோல்டேஜ் எங்கும் குதிக்காமல், தடுக்காமல் ஏறி இறங்க வேண்டும். கால்வாசித் திறப்புக்குள் மட்டும் முன்னும் பின்னுமாகப் பலமுறை அசைத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் சென்சாரை லேசாகத் தட்டியும் பாருங்கள்.

கேள்வி: டிஜிட்டல் மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டுகிறது. ஸ்கேனரிலும் எர்ரர் கோடு (பிழை எண்) இல்லை. ஆனால் வண்டி திக்குகிறது.

பதில்: சாதாரண டிஜிட்டல் மீட்டர் திரையில் எண் மாறுவது நொடிக்கு இரண்டு மூன்று முறைதான். சிக்னல் அறுபடுவதோ அதைவிடப் பல மடங்கு குறைந்த நேரத்துக்கு. முள் மீட்டர் இருந்தால் எடுங்கள். முள் துடிப்பது கண்ணுக்குத் தெரியும். வோல்டேஜை வரைபடமாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப் கிடைத்தால் வேறு எதுவும் தேவையில்லை: நல்ல சென்சார் வழுவழுப்பான சரிவாக வரையும், தேய்ந்தது கீழ்நோக்கி ஊசி ஊசியாகக் குத்தும். ஸ்கேனரில் எர்ரர் கோடு வராததை வைத்து சென்சாரை விடுவிக்க முடியாது. தவறு குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் பெரும்பாலான ஈசியூக்கள் கோடு பதியும்.

வண்டி சூடான பிறகுதான் திக்குகிறது என்றால், குளிர்ந்த எஞ்சினில் எடுத்த அளவு எதையும் சொல்லாது. ஹேர் டிரையரால் சென்சாரைச் சூடாக்கி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கேள்வி: ஸ்கேனரில் ஒருசமயம் பி0122, இன்னொரு சமயம் பி0123 என்ற எர்ரர் கோடு வருகிறது. ஒரே சென்சார் இரண்டையும் தருமா?

பதில்: தரலாம். ஆனால் இப்படி மாறி மாறி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது வயரிங்கும் கனெக்டரும். பி0122 என்றால் சிக்னல் மிகக் குறைவு: 5 வோல்ட் சப்ளை அறுந்திருக்கும், அல்லது சிக்னல் வயர் எங்கோ உரசி வண்டியின் பாடியைத் தொடும். பி0123 என்றால் மிக அதிகம்: பெரும்பாலும் எர்த் விட்டுப்போயிருக்கும். எர்த் இல்லாவிட்டால் 5 வோல்ட்டும் அப்படியே சிக்னல் வயருக்கு வந்துவிடும்.

இக்னிஷனை ஆஃப் செய்து கனெக்டரைக் கழற்றி, மறுபடி ஆன் செய்து, வயரிங் பக்கத்தில் சப்ளைக்கும் எர்த்துக்கும் இடையே அளவெடுங்கள். 5 வோல்ட் வரவில்லையென்றால் மீட்டரின் கருப்பு முனையை மட்டும் பேட்டரி நெகட்டிவுக்கு மாற்றுங்கள். இப்போது 5 வந்தால் எர்த் வயரில் குறை. அப்போதும் குறைவாகவே வந்தால் அவசரப்பட்டு ஈசியூவைப் பழிக்காதீர்கள். அதே சப்ளையை மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் போன்றவையும் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்; எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் இழுத்துக் கவிழ்க்கிறது.

எர்த்தைச் சோதிக்க எல்லாவற்றையும் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, சென்சார் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் வழியில் துரு அல்லது லூஸ் காண்டாக்ட். பிறகு வயர் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்தபடி மீட்டரைக் கவனியுங்கள். கனெக்டர் பின்கள் பச்சை பிடித்திருக்கிறதா, வாய் விரிந்து பிடிப்பு விட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதே அளவு ஆண் பின் ஒன்றைச் செருகி இழுத்தால் லேசாகத் தடுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பின்னை மாற்றுங்கள்.

கேள்வி: புது சென்சார் போட்டும் ஐடிலிங் ஏறி இறங்குகிறது.

பதில்: த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆட்டம் இருந்தால் எந்த சென்சாரும் அந்த ஆட்டத்தைத்தான் சிக்னலாக அனுப்பும். கூடவே தண்டு ஓரமாகக் காற்றும் உள்ளே இழுக்கும். இதற்கு மருந்து த்ராட்டில் பாடியை மாற்றுவதுதான்.

ஆட்டம் இல்லையென்றால் பொருத்திய விதத்தைப் பாருங்கள். ஸ்க்ரூ துளை நீள்வட்டமாக இருந்தால் அந்த சென்சாரை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்: ஸ்க்ரூவைத் தளர்த்தி, மீட்டரைப் பார்த்தபடி திருப்பி, மூடிய நிலைக்கான வோல்டேஜில் நிறுத்தி முறுக்குங்கள். இறுக்கும்போது அளவு நகரும் என்பதால் மறுபடி அளந்துவிடுங்கள். இந்த வோல்டேஜைக் கொண்டுவர த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகுவது பெரும் தவறு. பெரும்பாலான வண்டிகளில் அது தொழிற்சாலையில் வைத்த அளவு. கெடுத்தால் மீட்பது கஷ்டம்.

கேள்வி: கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் சென்சார் சரியாகுமா?

பதில்: ஆகாது. தேய்ந்த கார்பன் திரும்ப வராது. உள்ளிருக்கும் கிரீஸ்தான் கரைந்துபோகும். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யும்போதுகூடத் துணியில் அடித்துத் துடையுங்கள்.

கேள்வி: சில காலைகளில் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இதற்கும் த்ராட்டில் சென்சாருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. பல வண்டிகளில், செல்ஃப் அடிக்கும்போது த்ராட்டில் ஏறக்குறைய முழுக்கத் திறந்திருப்பதாக சிக்னல் வந்தால், எஞ்சினில் தேங்கிய பெட்ரோலை வெளியேற்றுகிறார்கள் என்று கருதி ஈசியூ இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். அடுத்த முறை பிடிக்காதபோது ஸ்கேனரில் த்ராட்டில் சதவீதத்தைப் பாருங்கள். பெடலில் கால் இல்லாமலே 80, 90 காட்டினால் எர்த் வயரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

கேள்வி: கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் த்ராட்டிலிலும் இப்படியே சோதிக்கலாமா?

பதில்: இக்னிஷன் ஆனில் இருக்கும்போது அந்தத் தகட்டைக் கையால் தள்ளாதீர்கள், மோட்டார் திடீரென மூடினால் விரல் நசுங்கும். அதில் இரண்டு சிக்னல்கள் இருக்கும். ஒன்று ஏற மற்றது இறங்கும், அல்லது இரண்டும் வேறு வேறு சரிவில் ஏறும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பி2135 வரும். பெடலை மெல்ல அழுத்தியபடி ஸ்கேனரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.