மாத்திரையை ஒளித்து விழுங்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 54, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருந்தன. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்று உறுதிசெய்து, தினமும் இமாட்டினிப் என்ற மாத்திரை 400 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். மனைவிக்கு மட்டும்தான் தெரியும். மகளுக்கு வரன் பார்க்கிறோம், வெளியில் தெரிந்தால் பரம்பரை நோய் என்பார்களே என்று பயம். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடும் நாட்களில் மாத்திரையை விட்டுவிடுகிறேன். இரவில் தூக்கமே இல்லை. யாரிடம் பேசுவது?

பதில்: ஐயா, “மாத்திரையை விட்டுவிடுகிறேன்” என்ற வரியைத் தாண்டிப் போக எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

சி.எம்.எல். பெரும்பாலும் மெதுவாக வளரும் நோய். 2001ல் இமாட்டினிப் வந்தபின் இதன் கதையே மாறிவிட்டது. மருந்து நன்றாக வேலை செய்தால், மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய முழு ஆயுளும் வாழலாம். ஆனால் அது தினமும் உள்ளே போக வேண்டும். மாதத்தில் மூன்று, நான்கு மாத்திரைகள் விட்டுப்போனாலே பலன் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விட்டதற்கு ஈடாக மறுநாள் இரண்டு போடவும் கூடாது.

என்னிடம் வந்த ஒருவர் மாத்திரையை டிஷ்யூவில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், யாரும் பார்க்காதபோது போடலாம் என்று. பாதி நாள் மறந்துபோகும். ஒருநாள் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி, பையில் கரைந்து ஒட்டியிருந்த மஞ்சள் கறையைப் பார்த்துத்தான் விஷயமே வெளியில் வந்தது. அவர் மருந்துக்குப் பயந்தவர் இல்லை. பிறர் கண்ணுக்குப் பயந்தவர். உங்களுக்கும் அதுதான் நடக்கிறது.

இதற்குச் சுலபமான வழி உண்டு. இந்த மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டு, பெரிய கிளாஸ் தண்ணீரோடு போட வேண்டும். எப்போதும் வீட்டில் சாப்பிடும் வேளை எது? காலையா, இரவா? அந்த வேளைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். கிரேப்ஃப்ரூட் வேண்டாம், சீனப் புத்தாண்டுக்கு வரும் பம்ளிமாசையும் தவிர்ப்பது நல்லது. யாராவது அன்போடு கஷாயப் பொடி அனுப்பினால், மருத்துவரிடம் காட்டாமல் குடிக்காதீர்கள். கண் இமை வீங்குவது, கால் சதை பிடித்து இழுப்பது எல்லாம் இந்த மருந்தில் வரக்கூடியவைதான். பொறுத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனையை அழையுங்கள்.

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம். இது பரம்பரை நோய் இல்லை, ஐயா. எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஓர் உயிரணுவில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது. அந்த மாற்றம் உங்கள் மஜ்ஜையில் மட்டும்தான் இருக்கிறது. உங்களோடு பிறந்ததும் இல்லை, மகளுக்குப் போகப்போவதும் இல்லை. சம்பந்தி வீட்டார் கேட்டால் இதை அப்படியே சொல்லலாம். சொந்தம் முழுக்கச் சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது. ஆனால் மகளிடம் சொல்லுங்கள். வீட்டில் அப்பா தூங்காமல் நடப்பதை அவர் கவனிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? மனைவி ஒருவரே இதைச் சுமப்பதும் நியாயமில்லை.

அப்புறம் வெளியில் யார்? சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே மருத்துவச் சமூக ஊழியர் இருப்பார். தாதியிடம் கேட்டால் ஏற்பாடு செய்வார். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கு, தேவைப்பட்டால் மெடிஃபண்ட் உதவி நிதி என்று பணச் சிக்கலையும் அவரிடமே பேசலாம். தூக்கமின்மையையும் மறைக்காமல் சொல்லுங்கள். மனநல ஆலோசகரிடம் அனுப்புவார்கள், அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் 1964லிருந்து இயங்குகிறது, அங்கே ஆதரவுக் குழுக்கள் உண்டு. தமிழில் பேச ஆள் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். இதே மாத்திரையைப் பத்து வருடமாகப் போட்டு வரும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பார்த்தால் வரும் தெம்பை என்னால் எழுத்தில் தர முடியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். நோயின் சுவடு எவ்வளவு மிச்சம் என்று அந்த எண் சொல்லும். விட்டுப்போன மாத்திரைகளைப் பற்றி அங்கே மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று அவர் தவறாகக் கணிக்க நேரும். அடுத்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த எண் இறங்குவதை அவரும் உங்களோடு சேர்ந்து பார்க்கட்டும்.